உடலின் தாங்குதிறன்: காணொளி காட்டாதவை

நோயாளிகளும் உடனிருப்போரும் காத்திருக்கும் நேரத்தைக் கைபேசிக் காணொளிகளில் கழிப்பது இன்று இயல்பாகிவிட்டது. அவற்றுள் ஒரு வகை, மருத்துவர்களாகிய எங்கள் கவனத்தை ஈர்க்கிறது. பசி, குளிர், உறக்கமின்மை, மூச்சடக்கம் ஆகியவற்றை ஒரு கலைஞர் நெடுநேரம் தாங்கிக் காட்டும் நிகழ்த்துக் கலையே அது. இக்காட்சிகளைக் கண்டோர் சிலர், “அவரால் முடிகிறதே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?” என்று மனம் தளர்கின்றனர். வேறு சிலர் தாமும் முயன்று பார்க்கத் துணிகின்றனர். இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. உடல் உண்மையில் எதைத் தாங்கியது, எவ்வாறு மீண்டது என்பது காணொளியில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஆறு நிமிடத்தில் ஓராண்டு

தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த தெச்சிங் சியே என்னும் கலைஞர், 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக் காலம், இரவும் பகலும் மணிக்கு ஒருமுறை வருகைப் பதிவுக் கடிகாரத்தில் அட்டையைச் செருகிப் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் அவரது உருவம் படச்சுருளில் ஒரு சட்டமாகப் பதிவாயிற்று. அச்சட்டங்களைத் தொகுத்த படம் ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மழித்த தலையில் முடி வளர்வதைக் காண்கிறோம். ஓராண்டு முழுதும் தொடர்ந்து ஒரு மணி நேரங்கூட உறங்க இயலாத அவ்வுடலின் களைப்பை நாம் உணர்வதில்லை.

ஆண்டின் 8,760 மணிகளில் 133 பதிவுகள் அவருக்குத் தவறின. பெரும்பாலானவை உறக்கத்தினால் தவறியவை. அவர் அவற்றை மறைக்காமல் காரணத்தோடு குறித்து வைத்தார். அத்தகைய மனவுறுதி படைத்தவரையும் உறக்கம் வென்றது என்பதை உடனிருப்போர் நினைவிற்கொள்ள வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நாள்தோறும் இரவு முழுதும் விழித்திருப்பவரின் நினைவாற்றலும் கவனமும் குறையும். இரத்த அழுத்தம் உயரும். மருந்தின் அளவிலும் வேளையிலும் பிழை நேரும். ஆகவே குடும்பத்தார் முறை வைத்துக்கொண்டு உறங்குங்கள். ஒரு வேளை மருந்து தவறிவிட்டால் அதைக் குறித்து வைத்து எங்களிடம் கூறுங்கள். அடுத்த வேளையில் இரு மடங்காகக் கொடுத்து ஈடுசெய்ய முயல வேண்டாம்.

அசைவின்மை ஓய்வாகாது

1974இல் பெல்கிரேடு நகரில் மரீனா அப்ரமோவிச் என்னும் கலைஞர், எரிகின்ற பெரிய நட்சத்திர வடிவச் சட்டத்தின் நடுவே படுத்தார். சுற்றியிருந்த நெருப்பு உயிர்வளியை உறிஞ்சிக்கொள்ள, அவர் நினைவிழந்தார். அசையாது கிடப்பதும் நிகழ்ச்சியின் பகுதியே எனப் பார்வையாளர்கள் முதலில் எண்ணினர். தீ உடலை நெருங்கியும் அவர் அசையாததைக் கண்ட பின்னரே சிலர் உள்ளே புகுந்து அவரை வெளியே தூக்கி வந்தனர். அருகில் இருந்தோர் ஐயுற்றமையால் அவர் உயிர் பிழைத்தார். காணொளியின் முன் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேராலும் அந்த உதவியைச் செய்ய இயலாது.

மருத்துவமனையிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. அமைதியாகக் கிடக்கும் முதியவரைக் கண்டு, “நன்றாக உறங்குகிறார்” என வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் அழைத்தால் கண் திறக்காமை, பேச்சுக் குழறல், உறவினரை அடையாளம் தெரியாமை, வழக்கத்திற்கு மாறான மந்தம் ஆகியவை நோய்த்தொற்று, சர்க்கரைக் குறைவு, உப்புச்சத்து மாறுபாடு, மூச்சுத்திணறல் போன்றவற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஐயம் எழுந்தவுடன் செவிலியரை அழையுங்கள். காரணமின்றி அழைத்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம்.

பட்டினி முடிந்தபின் தொடங்கும் ஆபத்து

அமெரிக்கரான டேவிட் பிளெய்ன், 2003இல் இலண்டன் தேம்சு ஆற்றங்கரையில், உயரத்தில் தொங்கவிடப்பட்ட ஒளிபுகும் பெட்டிக்குள் 44 நாட்கள் நீர் மட்டும் பருகி வாழ்ந்தார். அவர் வெளிவந்த காட்சியோடு பலருக்குக் கதை முடிந்துவிட்டது. மருத்துவர்களுக்கோ அப்போதுதான் பணி தொடங்கியது. உடல் எடையில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 24.5 கிலோ, குறைந்திருந்த அவர் நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உணவு மீண்டும் தொடங்கப்பட்டபோது அவரது இரத்தத்தில் பாஸ்பேட் அளவு வீழ்ந்தது. அவரைக் கவனித்த மருத்துவர்கள் இதனை 2005இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பதிவு செய்தனர்.

பட்டினியின்போது உடல் கொழுப்பை எரித்து வாழப் பழகுகிறது. தாது உப்புகளின் சேமிப்பும் கரைகிறது. திடீரென மாவுச்சத்து உள்ளே சென்றால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தின் தேவையும் உயரும். இதன் விளைவாக இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சுத்தசைகள் தளரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இது பெட்டிக்குள் இருந்த கலைஞருக்கு மட்டும் உரிய இடர் அன்று. ஐந்து நாட்களுக்கு மேல் உணவு ஏறக்குறைய இன்றி இருந்தவர், புற்றுநோயால் மெலிந்தவர், நெடுநாள் மது அருந்தியவர் ஆகியோருக்கும் இது நேரலாம். “இத்தனை நாள் கழித்து வாய் திறந்து கேட்கிறாரே” என்ற அன்பினால் வீட்டிலிருந்து நிறையச் சோறும் இனிப்பும் பழச்சாறும் கொண்டுவந்து ஊட்டுவதைக் காண்கிறோம். அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். எனினும் முதல் சில நாட்கள் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டபின் கொடுங்கள். அளவைச் சிறிதாகத் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்துவதே பாதுகாப்பான வழி. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர், காணொளியைக் கண்டு நெடும் பட்டினியை ஒருபோதும் தாமாகத் தொடங்கக் கூடாது.

மூச்சடக்கம் விளையாட்டன்று

அதே பிளெய்ன் 2008இல் நீருக்குள் 17 நிமிடங்களுக்கு மேல் மூச்சடக்கினார். அதற்கு முன் அவர் தூய உயிர்வளியைச் சுவாசித்திருந்தார். நெடுநாள் பயிற்சி பெற்றிருந்தார். இவை இன்றிச் சிறுவர்கள் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீரில் மூழ்கினால், உடலிலுள்ள கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதலைத் தருவது அவ்வாயுவே. ஆதலின் எச்சரிக்கை ஏதுமின்றி நினைவிழந்து மூழ்கிவிடுவர். இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்கிக் கூறுங்கள்.

நீங்கள் தாங்க வேண்டியதில்லை

இக்கலைஞர்கள் தம் துன்பத்தைத் தாமே தேர்ந்தனர். அதன் தொடக்கத்தையும் முடிவையும் தாமே வகுத்தனர். நோய் எவருக்கும் அவ்வாறு வருவதில்லை. அவர்களோடு தம்மை ஒப்பிட்டு, தமக்கு மனவுறுதி இல்லை என்று எந்த நோயாளியும் வருந்தத் தேவையில்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டு அமைதியாக இருப்பது நல்ல நோயாளியின் இலக்கணம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அறுவைக்குப் பின் வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் இருமாமலும் கிடப்பவருக்குச் சளி தேங்கி நுரையீரலில் தொற்று ஏற்படலாம். நடக்காதவரின் கால்களில் இரத்தம் உறையலாம். வலியைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. செவிலியர் வந்து பூச்சியம் முதல் பத்து வரை வலியின் அளவைக் கேட்கும்போது, அவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என எண்ணிக் குறைத்துக் கூறாதீர்கள். உள்ளவாறு கூறுங்கள், அதற்கேற்ப மருந்தை மாற்றுவது எங்கள் பொறுப்பு.