மலையும் வண்ணமும்

தொலைவிலுள்ள மலை நீலமாய்த் தோன்றுதல் யாவரும் அறிந்ததே. மலைக்கும் கண்ணுக்கும் இடையே பரந்துள்ள காற்று, ஞாயிற்றொளியின் நீலக் கூற்றை மிகுதியாகச் சிதறச் செய்கின்றது. அவ்வொளியே மலையின்மேல் மெல்லிய திரையெனப் படிகின்றது. ஆகவே, அண்மையிலுள்ளவற்றை மஞ்சளும் செம்மையும் கலந்த வெம்மை வண்ணங்களாலும், சேய்மையிலுள்ளவற்றை நீலம் சார்ந்த தண்மை வண்ணங்களாலும் தீட்டுவது ஐரோப்பிய ஓவியர்களிடையே நெடுங்கால வழக்காயிற்று.

இவ்வழக்கைக் கற்று, பின்னர் அதனைத் தம் கருத்திற்கேற்ப வளைத்தவர் பிரான்சு நாட்டு ஓவியர் பால் செசான். 1839-இல் எய்க்ஸ் நகரில் பிறந்த அவர், அந்நகருக்குக் கிழக்கே நிற்கும் சேன்த் விக்துவார் என்னும் சுண்ணாம்புக்கல் மலையைப் பன்முறை வரைந்தார். அதன் உயரம் 1,011 மீட்டரே. இமயத்தின் முன் அது வெறுங்குன்று. ஆயினும் அதனை எத்தனை முறை கண்டும் அவர் கண்கள் சலிக்கவில்லை.

1887-ஆம் ஆண்டளவில் தீட்டிய படம் ஒன்று இலண்டனில் உள்ளது. அதில் பசுமையும் பொன்மையும் மாறிமாறி விரிந்த வயல்கள் அமைதியாகக் கிடக்கின்றன. அவற்றிற்கு அப்பால் மலை இளநீலமும் இளஞ்சிவப்புமாய் நிற்கின்றது. முன்னுள்ள தேவதாரு இனத்து மரத்தின் கிளைகள் மலைமுடியின் வளைவையே பின்பற்றித் தாழ்கின்றன. காண்போர் உள்ளத்தில் காலைப்பொழுதின் தெளிவு உண்டாகின்றது.

1902-க்குப் பின் வரைந்த படங்களோ முற்றிலும் வேறானவை. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள படத்தில் நிலம் கரும்பச்சையும் காவியுமான திட்டுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றது. வானத்திலும் பச்சை! மரத்திற்குரிய நிறம் விண்ணில் ஏறியது ஏன்? நிலமும் வானும் ஒரே நிறத்தைப் பகிர்ந்துகொள்ளவே, சேய்மை என்னும் உணர்வு குன்றுகின்றது. மலை நம்மை நோக்கி நெருங்கி வருகின்றது. அமைதி போய், கனமும் கலக்கமும் நிறைந்த ஓர் உணர்ச்சி எழுகின்றது. மலையின் உருவம் பெரிதும் மாறவில்லை. வண்ணங்களின் அமைப்பே இம்மாற்றத்தை விளைத்தது எனலாம்.

1906 அக்டோபரில், வெளியிடத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த செசான் புயல்மழையில் சிக்கி மயங்கி விழுந்தார்; சில நாட்களில் உயிர்நீத்தார். அவருடைய இறுதிக்கால மலைப்படங்கள் சிலவற்றில் வண்ணம் படாத வெறுந்துணி ஆங்காங்கே தெரிகின்றது. முடிவுறாதவை என்று அவற்றைத் தள்ளினோர் உண்டு. எனினும், சற்று விலகி நின்று நோக்கினால், அவ்வெற்றிடங்களே பாறைமேல் விழும் வெயிலாய் ஒளிர்வதைக் காணலாம்.