நெட்வொர்க் டிரைவ் உறைந்து நிற்கிறதா? டைமியோவில் கை வைக்கும் முன்...

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் பதிந்து, பெரிய ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்களின் பைல்களை எல்லாம் அதில் சேமித்து வைப்பவர்கள் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு இடையே இதற்கு அதிகம் பயன்படுவது என்.எப்.எஸ். முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ல் உருவாக்கியது. நன்றாகவே வேலை செய்திடும். ஆனால் சர்வருக்கு மின்சாரம் போனாலோ, வயர்லெஸ் சிக்னல் தடுமாறினாலோ, நம் திரையில் போல்டர் விண்டோ அப்படியே உறைந்துவிடும். குளோஸ் பட்டனை எத்தனை முறை கிளிக் செய்தாலும் அசையாது.

"டைமியோ மதிப்பைக் குறையுங்கள், ஹார்டு என்பதை சாப்ட் என மாற்றுங்கள்" என்று உடனே யாராவது யோசனை சொல்வார்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் மாற்றினார். உறைவது நின்றது. சில வாரங்கள் கழித்து மகளின் பிறந்த நாள் படங்களைத் திறந்தபோது, பலவற்றில் மேல் பாதி மட்டுமே இருந்தது. கேமரா கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தார்.

ஏன் இப்படி?

நம் கம்ப்யூட்டர் சர்வருக்கு ஒரு வேண்டுகோளை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் அதையே மீண்டும் அனுப்புகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சொல்வதுதான் டைமியோ. இதன் அலகு நொடி அல்ல, நொடியில் பத்தில் ஒரு பங்கு. 60 எனத் தந்துவிட்டு ஒரு நிமிடம் என எண்ணிக்கொள்பவர்கள் பலர். அது ஆறே நொடிதான். எத்தனை முறை மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது ரீட்ரான்ஸ். டி.சி.பி. வழி இணைப்பில் லினக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் முறையே 600, 2.

அத்தனை முறையும் பதில் வராவிட்டால்? ஹார்டு எனில் சர்வர் திரும்பும் வரை விடாமல் முயலும். திரை உறைவது இதனால்தான். சாப்ட் எனில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று அறிவிக்கும். சிக்கல் இங்கேதான். நாம் சேவ் செய்திடும் தகவல் முதலில் மெமரியில் தங்கி, பிறகுதான் சர்வருக்குப் போகிறது. பிழை தாமதமாக வரும்போது அதைக் கவனிக்காத புரோகிராம், பைல் பதிவாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும்.

டைமியோவைக் குறைத்தால் வேகம் கூடும் என்பதும் தவறு. ஹார்ட் டிஸ்க் திணறுவதால் தாமதிக்கும் சர்வருக்கு, அதே வேண்டுகோளை மறுபடி அனுப்பினால் சுமைதான் ஏறும். யு.டி.பி. காலத்தில் இது பெரிய தலைவலி. 8 கே.பி. தகவல் ஈதர்நெட்டில் ஆறு துண்டுகளாகப் போகும். ஒன்று தொலைந்தாலும் ஆறையும் மீண்டும் அனுப்ப வேண்டும். அன்று இந்த மதிப்பை மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் இருந்தது. 2020ல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் என்.எப்.எஸ். யு.டி.பி. வழியே இயங்குவதை வழக்கமான அமைப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். டி.சி.பி.யில் தொலைந்த துண்டை மட்டும் அதுவே மீண்டும் அனுப்பிக்கொள்ளும். அங்கே 600ஐத் தொடாமல் விடுவதே நல்லது.

என்ன செய்திடலாம்?

எழுதும் போல்டர்களுக்கு ஹார்டு மட்டும் போதும். உறைந்த புரோகிராமை நிறுத்தியே ஆக வேண்டும் எனில், 2008ல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து கில் கட்டளையை 9 என்ற எண்ணுடன் தந்து நிறுத்தலாம். பாட்டு, சினிமா என வெறுமனே படிக்கும் போல்டராக இருந்தால், அதை ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து சாப்ட் தரலாம். அப்போதும் ரீட்ரான்ஸ் மதிப்பைச் சற்று உயர்த்திவிடுங்கள்.

அடுத்த முறை உறைந்து மீண்டதும், டெர்மினலில் என்எப்எஸ்ஸ்டாட் கட்டளையைச் சிறிய "சி" சுவிட்சுடன் தாருங்கள். ரீட்ரான்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பெரிய பைல் ஒன்றைக் காப்பி செய்து மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பாருங்கள். வயர்லெஸ் எனில், ஒரு நாள் கேபிள் போட்டுச் சோதியுங்கள்.