அரிவாளைக் கண்டவர்களும் ஆளைக் கண்டவர்களும்

சினிமா வெறும் பொழுதுபோக்குத்தானே, அதற்காக நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நாளெல்லாம் உழைத்தவன் தன் கூலியிலிருந்து எடுத்து நீட்டுகிற காசில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. 1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, அவரை முதலமைச்சராகப் பார்த்த தொகுதி அருப்புக்கோட்டை. இந்தக் கரிசல் பூமிக்கும் திரைக்கும் உள்ள உறவுக்கு வேறு சாட்சி வேண்டுமா? காசு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்போம்!

எம்.ரெட்டியபட்டியிலும் அரிவாள் இருக்கிறது. காலையில் அது காட்டுக்குப் போகிறது. சீமைக்கருவேல முள்ளை வெட்டுகிறது. கரிமூட்டத்துக்கு விறகு சேர்க்கிறது. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து கூரையில் செருகிக் கிடக்கிறது. ஆனால் திரையிலே வருகிற தென்மாவட்டத்து அரிவாளுக்கு ஒரே வேலைதான் தெரியும்: மனிதன் கழுத்து! முள் வெட்டுகிறவனைக் கழுத்து வெட்டுகிறவனாக்கியது யார்?

தொடக்கத்தில் நல்லதுதான் நடந்தது. 2006இல் ‘வெயில்’ வந்தது. எடுத்தவர் வசந்தபாலன், விருதுநகர்க்காரர். சினிமா பார்க்கப் போன பையனைத் தகப்பன் அம்மணமாக வெயிலில் கட்டிப்போடுகிறான். அவமானம் தாங்காத பையன் ஊரைவிட்டு ஓடுகிறான். ஒரு கொட்டகையில் படம் ஓட்டும் வேலை கிடைக்கிறது. கடைசியில் அந்தக் கொட்டகையும் மூடப்பட, தோற்றுப்போன மனிதனாக வீடு திரும்புகிறான். பசுபதி அந்தத் தோல்வியைத் தன் தோளிலே சுமந்து நடந்தார். தம்பியின் சண்டைக் காட்சிகளில் படம் பழைய தடத்தில் இறங்கியது உண்மை. ஆயினும் அண்ணன் கதையில் இருந்தது அசல் வெயில். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

2007இல் அமீரின் ‘பருத்திவீரன்’. அதிலே வன்முறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வன்முறைக்கு விலை இருந்தது. ஊரை மிரட்டித் திரிந்தவன் விதைத்த வினை, அவன் உயிராய் நேசித்த பெண்ணின் மேல் வந்து விழுகிறது. பார்த்தவன் கைதட்டவில்லை; தலைகுனிந்தான்.

2008இல் சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’. அவர் அமீரிடம் தொழில் கற்றவர். ஆனால் ஆசானின் படத்தையே மறுபடி எடுக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் மதுரைத் தெருவுக்குப் போனார். வேலையில்லாத இரண்டு இளைஞர்கள். பதவி வெறி பிடித்த ஒருவன் அவர்களைக் கொலைக்கு ஏவுகிறான். காரியம் முடிந்ததும் கைகழுவுகிறான். கட்சியில் இருக்கும் ஒவ்வொரு இளைஞனும் பார்க்கவேண்டிய பாடமல்லவா அது!

பிறகு வந்தது பிரதிகளின் படையெடுப்பு. படமுதலாளி கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: “எது ஓடியது?” ஏன் ஓடியது என்று கேட்கவில்லை. தாடி வாங்கினார்கள், கைலி வாங்கினார்கள், வீச்சரிவாள் வாங்கினார்கள். திருவிழா ஒன்று, சாராயக்கடைப் பாட்டு ஒன்று, முதுகில் குத்தும் நண்பன் ஒருவன்! சரக்குப் பட்டியல் தயார். மதுரைப் பேச்சு என்ற பெயரில் எல்லோரும் கத்தினார்கள். அமீர் தலைகுனிய வைத்த இடத்தில், இவர்கள் விசிலடிக்க வைத்தார்கள்.

இதே படங்களை வடநாட்டில் இன்னொருவரும் பார்த்தார். அவர் அனுராக் காஷ்யப். 2012இல் ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ எடுத்தார். படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி சொன்னார். ஆனால் அவர் மதுரையிலிருந்து அரிவாளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை! தன்பாத் நிலக்கரிப் பகுதிக்குப் போனார். வாசேபூரிலே பிறந்த ஒருவர் எழுதிய கதையை எடுத்துக்கொண்டார். கரி எப்படிக் காசானது, காசு எப்படிக் கொலையானது என்று மூன்று தலைமுறைக் கணக்கைத் திரையில் விரித்தார்.

படங்கள் அதே படங்கள்தான். சென்னையில் பார்த்தவர்கள் அரிவாளைக் கண்டார்கள். வடக்கே பார்த்தவர் அரிவாளைப் பிடித்திருந்த ஆளைக் கண்டார், அந்த ஆளை வளர்த்த ஊரைக் கண்டார், “என் பக்கத்து மனிதன் எங்கே?” என்று தேடிப் புறப்பட்டார். கலைக்கும் காப்பிக்கும் உள்ள வேறுபாடு இதுதான் தோழர்களே! பிறரிடம் கற்பது குற்றமல்ல. கற்காதவன் கலைஞனே அல்ல. ஆனால் பார்க்கும் கண்ணைக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்த்த பொருளைத் திருடக்கூடாது.

இதனால் நமக்கென்ன நட்டம்? கேளுங்கள். மழை பொய்த்தால் மல்லியும் கம்பும் கருகும் பூமி இது. பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பையன்கள் போகிறார்கள். போகிற இடத்தில் அவர்களுக்கு முன்பாகவே அந்தத் திரைப்பட அரிவாள் போய் நிற்கிறது! ஊர்ப்பெயர் சொன்னதும் “வெட்டுக்குத்து ஊரா?” என்கிற சிரிப்பு. கூலிக்காரனின் காசை வாங்கி, அந்தக் கூலிக்காரனையே முரடனாகச் சித்திரித்து, அதை அவனுக்கே விற்கிறார்கள். எத்தனை நயமான வியாபாரம்!

ஆகையால் அடுத்த முறை கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஒரேயொரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் வந்தவன் எந்த ஊர்க்காரன்? எந்தக் கண்மாய்த் தண்ணீர் குடித்தான்? என்ன வேலை செய்து சாப்பிட்டான்? விடை கிடைத்தால் அது படம். பத்துப் பேரிடம் சொல்லுங்கள். விடை கிடைக்காவிட்டால் அது வெறும் அச்சு. காசை மடியிலேயே முடிந்து வையுங்கள்.

அருப்புக்கோட்டைத் தறியிலே நெய்கிறவனுக்கு அசல் நூலும் போலி நூலும் தொட்ட மாத்திரத்தில் தெரியும். அந்த விரலுக்கு இருக்கும் அறிவு கண்ணுக்கும் வரட்டும்!