முதல் வகுப்பில் குழந்தையைச் சேர்த்தல்

சித்திரை பிறந்ததும் நம் அங்கத்தினர் பலரது இல்லங்களில் ஒரு கவலை எழுகின்றது. குழந்தையை எந்தப் பள்ளியில், என்னென்ன காகிதங்களுடன் சேர்ப்பது என்பதே அது. காகிதம் ஒன்று குறைந்தால் இடம் கிடைக்காது என்று தாமே முடிவு செய்துகொண்டு, அடுத்த ஆண்டு பார்ப்போம் என இருந்துவிடுகிறவர்களும் உளர். அவ்வாறு கழியும் ஓராண்டில் குழந்தை தறியடியில் நூல் சுற்றவும், மேட்டில் ஆடு பார்க்கவும் பழகிவிடுகின்றது. பின்னர் அதனைப் பள்ளிக்கு அழைத்தல் எளிதன்று. ஆகவே சட்டம் கூறுவது யாதென இங்கு விளக்க முற்படுகிறோம்.

தமிழ்நாட்டில் ஜூலை 31-ஆம் நாளுக்குள் 5 வயது நிறையும் குழந்தையை முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றனர். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அதன் 14-ஆம் பிரிவு நம்மவர் மனத்தில் இருத்த வேண்டியது: வயதுச் சான்று இல்லையென்ற காரணத்தால் எக்குழந்தையையும் சேர்க்க மறுத்தல் ஆகாது. பிறப்புச் சான்று இல்லாவிடில் மருத்துவமனைக் குறிப்போ அங்கன்வாடிப் பதிவோ போதும். அவையும் இல்லையெனில் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே ஏற்கப்படும். பள்ளி திறந்து நாள் பல கடந்தது என்பதும் மறுப்புக்குக் காரணமாகாது. எட்டு, ஒன்பது வயது வரை பள்ளி காணாத பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டுமென்பது சட்டம்.

இதனால் பிறப்புச் சான்று வேண்டாவென்று எவரும் கருதலாகாது. முற்காலத்தில் கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபுறக் காதைத் தொடச் சொல்லி வயதை மதிப்பிட்டனர். ஆசிரியர் எழுதியதே பிறந்த தேதியாயிற்று. ஓய்வூதியம் கேட்கும் முதுமையில் அத்தேதியால் அல்லலுற்றோரை நாம் அறிவோம். பள்ளிப் பதிவேட்டில் ஏறும் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை தொடரும். பின்னர்த் திருத்துவது பெரும்பாடு. மேலும், 2023 அக்டோபர் 1-ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்குப் பிறந்த தேதியை மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றே என்று திருத்தச் சட்டம் விதித்துள்ளது. பெயரின்றிப் பதிவான சான்றில் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை சிறு கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம்.

இனித் தனியார் பள்ளி. சிறுபான்மையினர் நடத்துவன நீங்கலாக, ஏனைய சுயநிதிப் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர் குழந்தைகட்கு ஒதுக்க வேண்டும்; கட்டணத்தை அரசு ஈடு செய்யும். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதோரும், பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும் விண்ணப்பிக்கலாம். பள்ளி, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். விண்ணப்பம் இணையதளத்தில், இடத்தினும் மிகுதியாக விண்ணப்பங்கள் வரின் குலுக்கல். வழக்கமாகக் கோடையில் நடைபெறும் இச்சேர்க்கை, 2025-இல் மத்திய அரசின் நிதி வராமையால் அக்டோபரில்தான் தொடங்கிற்று. ஆதலின் இதனை மட்டும் நம்பி அரசினர் பள்ளியைக் கைவிடுதல் நன்றன்று என்பது எமது கருத்து. அங்கு நூலும் சீருடையும் காலை உணவும் விலையின்றிக் கிடைக்கின்றன. அச்சீருடைத் துணியே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளில் நெய்யப்படுவதன்றோ! சேர்க்கைக்கு நன்கொடை கேட்பதும், குழந்தைக்கோ பெற்றோர்க்கோ தேர்வு வைப்பதும் எப்பள்ளிக்கும் தடை செய்யப்பட்டவை. நன்கொடை பெற்றால் அதன் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு.

கரும்பு வெட்டுக்கும் திருப்பூர் வேலைக்கும் குடிபெயர்வோர் ஒன்றறிய வேண்டும். மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாயினும் புதிய பள்ளி குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். அதனுடன் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இத்தகைய முறையீட்டை மூன்று மாதங்களுக்குள் தீர்க்க வேண்டுமென்பது சட்டம். எழுதத் தெரியாத அங்கத்தினர்க்கு மனுவையும், வயது உறுதிமொழியையும் எழுதிக் கொடுப்பதைச் சங்கக் காரியதரிசிகள் தம் கடமையாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.