நீலகிரித் தைலம் வலியைத் தணிக்குமா?

தேவர்சோலைப் பகுதியில் கொழுந்து பறித்து வீடு திரும்புவோர் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் முதலில் நாடுவது நீலகிரித் தைலத்தையே. 1843இல் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலியக் கற்பூர மரத்தின் இலையிலிருந்து காய்ச்சி வடிக்கப்படுவது இது.

இதற்கு வலி தணிக்கும் குணம் உண்டு என்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. வயிற்றில் அசெட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட சுண்டெலிகள் வலியால் உடலை முறுக்கும். தைலம் கொடுக்கப்பட்டவற்றில் இந்த முறுக்கல் குறைந்தது. சூடான தட்டில் விடப்பட்ட எலிகள் கூடுதல் நேரம் தாங்கின. எலிகளின் பாத வீக்கமும் தணிந்தது.

ஆயினும், எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. தைலம் வலியைத் தணிக்கலாம். வலியின் காரணத்தைப் போக்காது.

ஒரு பங்கு தைலத்துடன் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து மேலே தடவலாம். புண், கண், மூக்கு ஆகியவற்றில் படக்கூடாது. பச்சிளங் குழந்தைகளுக்குப் பூசக்கூடாது. உள்ளுக்கு அருந்துவது நஞ்சு. ஒரு தேக்கரண்டி அளவே குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கலாம். தவறி விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வலியுடன் காய்ச்சலோ, வீக்கமோ, கால் மரத்தலோ இருந்தால் தைலத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே நலம். தைலப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம்.