உறங்காத மின்விசை

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே எனக் கருதும் அறிஞரும் உளர். இங்கு உப்புநீரைப் பாத்திகளிலே தேக்கி, வெயிலாலும் காற்றாலும் உப்பு விளைவிக்கின்றனர். மடையை அடைத்தாலும் வரப்பில் ஒரு நண்டுவளை இருப்பின் போதும்; நீர் இரவெல்லாம் கசிந்துவிடும்.

இத்தகைய கசிவு இல்லங்களிலும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியை ரிமோட்டால் நிறுத்தியவர், அதனை அணைத்துவிட்டதாகவே எண்ணுவர். ஆயினும், மீண்டும் வரும் குறிப்பை ஏற்பதற்காகப் பெட்டி விழித்திருக்கின்றது. சிறிதளவு மின்விசையையும் உண்டுகொண்டிருக்கின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டில் இயற்றிய விதி, இதற்கு இலக்கணம் வகுத்தது. மின்னிணைப்பில் இருந்துகொண்டு, மீண்டும் இயக்கப்படுவதற்குக் காத்திருத்தல், மணி முதலியன காட்டுதல் ஆகியவற்றை மட்டும் செய்வது காத்திருப்பு நிலை. இணைப்பில் இருந்தும் எத்தொழிலும் செய்யாதிருப்பது அணைநிலை. சிவப்பு விளக்கு எரிவன யாவும் காத்திருப்பு நிலையினவோ எனின், அல்ல. கருவி அணைந்துள்ளது என்பதை மட்டும் விளக்கு உணர்த்துமாயின் அஃது அணைநிலையே. ரிமோட்டின் குறிப்புக்குக் கருவி விழித்தெழுமாயின், விளக்கே இல்லாவிடினும் அது காத்திருப்பு நிலையாம். விளக்கன்று, தொழிலே அளவுகோல். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டாலோ மின்னிணைப்பே அற்றுப்போகும். அது இவ்விரு நிலையுள் எதுவும் அன்று.

அவ்விதி 2010இல் அணைநிலைக்கு 1 வாட் என வரம்பு கட்டியது. காத்திருப்பு நிலைக்கும் அதுவே. செய்தி காட்டும் முகப்புடையவற்றுக்கு மட்டும் 2 வாட். 2013இல் இவை யாவும் பாதியாயின. இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்வழி 2002இல் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றின் மேல் காணும் நட்சத்திர முத்திரை இப்பணியகத்தின் திட்டமே.

அரை வாட்டுக்கு இத்துணை ஆரவாரம் ஏன் என்று வினவுவோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். காத்திருப்பில் 5 வாட் கொள்ளும் பழைய கருவிகள் மூன்று ஒரு வீட்டில் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 மணி நேரம் அவை வாளா காத்திருப்பின், 60 நாட்களில் 18 யூனிட் செலவாகும். அவை அரை வாட் கருவிகளாயின் 1.8 யூனிட்டே ஆகும். இரு திங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் எனத் தமிழக அரசு 2016இல் ஆணையிட்டது. அந்த நூற்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை, எவருக்கும் பயன்படாத காத்திருப்பே விழுங்கிவிடுகின்றது!

குளிர்பெட்டியை இக்கணக்கில் சேர்த்தல் பிழை. அஃது ஓய்ந்திருப்பதுபோல் தோன்றினும், உணவைக் காக்கும் தன் தொழிலைச் செய்துகொண்டே இருப்பது. ஏனையவற்றைச் சுவரிலேயே அணைத்துவிடலாம். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். மின்கட்டணமோ அத்திங்களிலும் வரும்.