ரிலே விடும்போது டிரான்சிஸ்டர் ஏன் சாகிறது?

நம் தோட்டப் பிள்ளைகளில் ரேடியோ, டி.வி.யைத் திறந்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் பலர். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பையன்கள் மட்டுமல்ல, பொம்பிளைப் பிள்ளைகளும் டவுனில் சாமான் வாங்கி வந்து தாங்களே செய்து பார்க்கிறார்கள். லயங்களுக்குப் போகும்போது நாங்கள் கண்ட நல்ல வேலை ஒன்று, தண்ணீர் டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தி, குறைந்ததும் தானாகப் போடும் சின்ன போர்ட். ஆனால் செய்தவர்கள் எங்களிடம் சொல்லும் குறையும் ஒன்றுதான்: "பத்து நாள் நல்லா வேலை செஞ்சிச்சுங்க, பொறகு டிரான்சிஸ்டர் போயிருச்சு. புதுசு போட்டோம், அதுவும் போயிருச்சு." போர்ட் நின்றால் டேங்க் காலி. மலையில் கொழுந்து எடுத்துக் களைச்சு வாரவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு பீலிக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

போலிச் சாமான் தந்தான் என்று கடைக்காரரை ஏசுவதற்கு முன் போர்ட்டைக் கொஞ்சம் பாருங்கள். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டயோட் ஒன்று இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

ரிலே என்பது இரும்பின் மேல் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள். கரண்ட் ஓடினால் இரும்பு காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், அந்தத் தகடு இன்னொரு இணைப்பை மூட்டும். 12 வோல்ட் சின்ன ரிலேயின் சுருள் 400 ஓம் அளவில் இருக்கும். 12ஐ 400ஆல் வகுத்தால் 0.03 அம்பியர், அதாவது 30 மில்லிஅம்பியர். பிசி 547 டிரான்சிஸ்டர் 100 மில்லிஅம்பியர் வரை தாங்கும். கணக்குப்படி அது சாகவே கூடாது. பிறகு ஏன் சாகிறது?

ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் நீண்ட குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் வேகமாக வரும்போது வால்வை டப்பென்று பூட்டினால் குழாய் முழுக்க அதிரும். ஓடி வந்த தண்ணீர் சட்டென்று நிற்க முடியாமல் முட்டுகிறது. பழைய மூட்டு என்றால் வெடித்தே போகும். சுருளும் அப்படித்தான். கரண்ட் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தமாகச் சக்தி சேர்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் வழியை அடைத்ததும் அந்தச் சக்தி, கரண்டை விடாமல் ஓட்டப் பார்க்கிறது. போக வழியில்லை, அதனால் வோல்ட் ஏறுகிறது. எவ்வளவு வேகமாக அடைக்கிறோமோ அவ்வளவு உயரத்துக்கு ஏறும். 12 வோல்டில் வேலை செய்த சுருள் கண்சிமிட்டும் நேரத்துக்குள் நூறு வோல்டையும் தாண்டிவிடும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். சிலது முதல் அடியிலேயே போகும், சிலது பல நாள் அடி வாங்கிச் சாகும். ரிலே பிடிக்கும்போது அல்ல, விடும்போதுதான் இந்த அடி விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

விஷயம் பழையது. அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, நீண்ட கம்பியை பெட்டரியிலிருந்து பிரிக்கும்போது பொறி பறப்பதைக் கண்டு 1832இல் எழுதினார். சுருளின் இந்தக் குணத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே இருக்கிறது.

மருந்து ஒரு டயோட். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இருவாயி என்று படிப்பது இதைத்தான். 1 என் 4007 என்று கேட்டால் கடையில் தருவார்கள், டிரான்சிஸ்டரைப் போலவே மலிவான சாமான். இதைச் சுருளின் இரு முனைக்கும் குறுக்கே, ரிலேக்குப் பக்கத்திலேயே பற்றவைக்க வேண்டும். வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். ரிலே பிடித்திருக்கும்போது டயோட் சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் அடைத்ததும் சுருளின் கரண்ட் டயோட் வழியாகச் சுருளுக்கே திரும்பிச் சுற்றி அடங்கிவிடும். டிரான்சிஸ்டரின் மேல் 12.7 வோல்ட் அளவுக்கு மேல் ஏறாது.

கோட்டை மாற்றிப் போட்டால் கதை வேறு. டயோட் நேரே கரண்டைக் கடத்தும். சுருளுக்குக் கரண்ட் போகாது, ரிலே பிடிக்காது, முதல் தடவையிலேயே டிரான்சிஸ்டரோ டயோடோ எரியும். பவர் கொடுக்குமுன் இரண்டு பேர் பார்ப்பது நல்லது.

டயோட் போட்டால் ரிலே சில மில்லிசெக்கன் தாமதித்து விடும். டேங்க் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி எச்சரிக்கை. மோட்டார் கிளம்பும்போது ஓடும் வேகத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஆகவே சின்ன ரிலே நேரே மோட்டாரைப் போடாமல், ஸ்டோரில் விசிறிகளுக்கு இருப்பது போன்ற கொன்டாக்டரைப் போட வேண்டும். அந்தக் கொன்டாக்டரின் சுருள் பெரும்பாலும் 230 வோல்ட் ஏ.சி. அதற்கு டயோட் போடவே கூடாது. ஏ.சி. திசை மாறி மாறி ஓடுவதால் பாதி நேரம் டயோட் நேரடி ஷோர்ட் ஆகி வெடிக்கும். அங்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோபரட் கண்டென்சரும் தொடராகச் சுருளுக்குக் குறுக்கே போடுவார்கள். கண்டென்சர் எக்ஸ் 2 என்று குறித்த, மெயின் கரண்டுக்கென்றே செய்த வகையாக இருக்க வேண்டும். இந்தப் பகுதி எலக்ட்ரீஷியனின் வேலை, பிள்ளைகள் கை வைக்க வேண்டாம். டேங்க் தண்ணீருக்குள் இறக்கும் கம்பிகளுக்கு டிரான்ஸ்போமர் வழியாக வரும் 12 வோல்ட் மட்டும்தான் போக வேண்டும், மெயினோடு எந்தத் தொடுப்பும் இருக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில்தான் நம் பிள்ளைகள் முகம் கழுவுகிறார்கள்.